மாலை வகுப்புக்கு நிதி கேட்டு எழுதினோம், கிடைக்கவில்லை. எங்கே தவறு?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் இவர் ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. 2019இல் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்து, நான்கு குக்கிராமங்களில் மாலை நேர வகுப்பு நடத்திவருகிறார். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 120 குழந்தைகள். ஊர்ப் பெண்கள் நால்வர், மாதம் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். தினமும் சுண்டல் உண்டு. ஆண்டுக்கு 3.6 லட்சம் ரூபாய் செலவாகிறது. பழைய மாணவர்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் கொடுக்கிறார்கள்.

இதை விரிவுபடுத்த மூன்று பெரிய நிறுவனங்களிடம் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். நிதி, 24 லட்சம் கேட்டு 30 பக்க முன்மொழிவு அனுப்பினார். ஒரு நிறுவனம் 'எங்கள் முன்னுரிமைகளோடு பொருந்தவில்லை' என்று ஒரு வரியில் பதில் போட்டது. மற்ற இரண்டும் பதிலே போடவில்லை. இப்போது அவருடைய கேள்விகள்: முன்மொழிவில் என்ன குறை? வருமான வரித் துறையின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள் இரண்டும் இருந்தும் ஏன் மதிக்கவில்லை? நல்ல ஆங்கிலத்தில் எழுதினால் கிடைக்குமா? 40,000 ரூபாய் முன்பணமும், வரும் நிதியில் 10 சதவீதமும் கேட்கும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் குடும்ப நண்பர் 3 லட்சம் அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

நீங்கள் இணைத்திருந்த முன்மொழிவை முழுதாகப் படித்தேன். ஆங்கிலத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. அந்தக் கவலையை முதலில் விட்டுவிடுங்கள். கல்வியின் அவசியம் பற்றி 11 பக்கம், அறங்காவலர்களின் வாழ்க்கைக் குறிப்பு 4 பக்கம், புகைப்படங்கள் 6 பக்கம் இருக்கின்றன. ஆனால் உங்கள் 120 குழந்தைகளில் எத்தனை பேருக்கு இன்று தமிழ் வாசிக்க வருகிறது, எத்தனை பேருக்கு வரவில்லை என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. நிதி கொடுப்பவர் தேடுவது அந்த ஒரு தகவலைத்தான்.

ஏழைப் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்கள் என்பதெல்லாம் அவருக்கு வரும் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும். தேவை பெரிது என்பதை அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். உங்கள் கையில் பணம் வந்தால் எத்தனை குழந்தைகளிடம், எவ்வளவு நாளில், எந்த மாற்றம் தெரியும், அதை எப்படி நிரூபிப்பீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். இதற்கான விடை உங்கள் வருகைப் பதிவேட்டிலும் பிள்ளைகள் வாசிக்கும் வாசிப்பிலும் இருக்கிறது. அதனால் எழுத உட்காருவதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு.

முதலில் சோதனை, பிறகு எழுத்து

ஏசர் என்று சொல்லப்படும் கல்வி ஆய்வு 2005 முதல் நடந்துவருகிறது. ஊர் ஊராகப் போய், குழந்தைகளைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் எளிய முறை அது. தமிழ் வாசிப்புத் தாளும் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என்று நான்கு படிகள். முதலில் பத்தியைக் கொடுங்கள். சொல் சொல்லாகத் திக்காமல், வாக்கியமாக, மூன்று பிழைக்கு மேல் இல்லாமல் வாசித்தால் கதைக்குப் போகலாம். இல்லையென்றால் சொற்களுக்கு இறங்குங்கள். ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் அந்தப் படி. அதுவும் வராவிட்டால் எழுத்து. கணக்குக்கும் இப்படியே: ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கழித்தல், வகுத்தல்.

ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும். நான்கு பேர் உட்கார்ந்தால் மூன்று மாலைகளில் 120 பேரையும் முடித்துவிடலாம். இரண்டு இடத்தில் தவறு நடக்கும், கவனமாக இருங்கள். தன் வகுப்புப் பிள்ளையைத் தானே சோதிக்கும் ஆசிரியை, அறியாமலே எடுத்துக்கொடுத்துவிடுவார். ஆகவே ஒரு மையத்து ஆசிரியை இன்னொரு மையத்துப் பிள்ளைகளைச் சோதிக்கட்டும். அடுத்த முறையும் அதே தாளைக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு தாள். ஒரு குழந்தைக்கு ஒரு வரி, அதில் தேதி, சோதித்தவர் கையெழுத்து. இந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். நாளை நிறுவனத்திலிருந்து யாராவது நேரில் வந்தால் காட்டவேண்டியது இவைதான்.

முடிவு எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 71 பேர் என்று வைத்துக்கொள்வோம். கதை வாசிப்பவர் 14, பத்தி வரை 19, சொல் வரை 21, எழுத்து வரை 12, எழுத்தும் தெரியாதவர் 5. அதாவது பத்தியோ அதற்கு மேலோ வாசிக்கத் தெரிந்தவர்கள் 33 பேர். இந்த எண் கையில் இருந்தால் முன்மொழிவின் முதல் பத்தி தானாக வந்துவிடும்:

'நான்கு குக்கிராமங்களில் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் 71 குழந்தைகளில் 33 பேர் மட்டுமே ஒன்றாம் வகுப்புத் தரத்திலான ஒரு பத்தியைத் தமிழில் வாசிக்கிறார்கள். மாலையில் தினம் இரண்டு மணி நேரம், வாசிப்பு நிலைப்படி குழு பிரித்துக் கற்பிப்பதன் மூலம், 12 மாதங்களில் இந்த எண்ணிக்கையைக் குறைந்தது 50 ஆக உயர்த்துவோம். இதற்கான மொத்தச் செலவு 9,29,400 ரூபாய். அதில் 2,25,600 ரூபாயை நாங்களே உள்ளூரில் திரட்டுகிறோம். தங்களிடம் கேட்பது 7,03,800 ரூபாய்.'

இதில் 50 என்று எழுதியதைக் கவனியுங்கள். 71 பேரும் வாசிப்பார்கள் என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நூறு சதவீதம் என்று வாக்குக் கொடுப்பவரை அனுபவமுள்ள நிதி அதிகாரி நம்பமாட்டார். ஆண்டு முடிவில் உங்களை அளக்கும் அளவுகோலும் நீங்கள் எழுதிக்கொடுத்த அதே எண்தான்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: தை பிறந்ததும் சில குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றன. முன்மொழிவில் இதை மறைத்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் திட்டத்தின் முக்கியமான பக்கமே இதுதான். மறைத்தால், ஏப்ரலில் வருகை குறையும்போது பொய் சொன்னவர்களாக நிற்பீர்கள். வெளிப்படையாக எழுதி, அதற்கு என்ன செய்வீர்கள் என்றும் சொன்னால், களம் தெரிந்தவர்கள் என்ற மதிப்பு வரும். சோதனைகளை ஜூன், டிசம்பர், ஏப்ரல் என்று மூன்றாக வையுங்கள். பொங்கலுக்கு முன்பே டிசம்பர் சுற்று முடிந்துவிடுவதால், சூளைக்குப் போகும் பிள்ளையின் முன்னேற்றமும் பதிவாகிவிடும். பதிவேட்டில் போன தேதி, திரும்பிய தேதி இரண்டுக்கும் கட்டம் போடுங்கள். அறிக்கையில் 'சேர்ந்தவர்கள்', 'ஆண்டு முழுதும் இருந்தவர்கள்' என்று இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: 'இதை அரசே செய்கிறதே, நீங்கள் எதற்கு?' 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பள்ளியிலேயே பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையுடன் மாலை வகுப்பு எடுத்தார்கள். உங்கள் முன்மொழிவில் இவை இரண்டின் பெயரும் இல்லை. தலைமையாசிரியரைச் சந்தித்து, உங்கள் பிள்ளைகள் பள்ளியில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அதோடு இணைத்து எழுதுங்கள். பகலில் பள்ளி கற்றுத் தருவதை மாலையில் வாசித்துப் பழக்க வீட்டில் ஆளில்லை, அந்த இடத்தை நாங்கள் நிரப்புகிறோம் என்பது நேர்மையான பதில். பள்ளி மேலாண்மைக் குழுவின் ஆதரவுக் கடிதம் ஒன்றும் வாங்கிவிடுங்கள். உங்கள் ஆசிரியைகளில் யாராவது அதே நேரத்துக்கு அரசின் ஊக்கத்தொகையும் வாங்குகிறார்களா என்று பாருங்கள். ஒரே மணி நேரத்துக்கு இரண்டு இடத்தில் பணம் என்று ஆகிவிட்டால், தணிக்கையில் அது உங்கள் தலையில் விழும்.

24 லட்சம் ஏன் எடுபடவில்லை

அந்த 24 லட்சத்தில் 20 டேப்லெட், நான்கு ஸ்மார்ட் போர்டு, ஒரு வேன். நிறுவனங்களுக்கு இவைதான் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திரையில் பாடம் நடத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் சார்ஜ் போடுவது, இரவில் எங்கே பூட்டிவைப்பது, உடைந்தால் யார் மாற்றுவது, வேனுக்கு இரண்டாம் ஆண்டு டீசல் யார் போடுவது என்ற நான்கு கேள்விக்கும் முன்மொழிவில் விடை இல்லை. ஒரு பிள்ளையின் வாசிப்பு இவற்றால் எப்படி மேம்படும் என்பதும் இல்லை.

இன்னொன்று, தொகை. ஆண்டுக்கு 3.6 லட்சம் செலவழித்துப் பழகிய அறக்கட்டளை, அதைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கை ஒரே ஆண்டில் எப்படிக் கையாளும் என்ற சந்தேகம் யாருக்கும் வரும். 'அதிகமாகக் கேட்டால்தான் பாதியாவது தருவார்கள்' என்பது இந்தத் துறையில் செல்லாது. பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், முதலில் கேட்டது பொய்க்கணக்கு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். முதல்முறை கேட்பவர்கள் தங்கள் இன்றைய ஆண்டுச் செலவைப் போல இரண்டு மடங்குக்குள் நிற்பது நல்லது என்பது என் கணிப்பு.

நீங்கள் கடிதத்தில் கொடுத்த விவரங்களை வைத்து ஒரு பட்ஜெட் போட்டுப் பார்த்தேன். தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் 'எத்தனை பெருக்கல் எவ்வளவு' என்பது தெரியவேண்டும், அதுதான் முக்கியம்.

- ஆசிரியைகள்: 8 பேர் × 4,000 × 11 மாதம் = 3,52,000
- ஒருங்கிணைப்பாளர்: 12,000 × 12 மாதம் = 1,44,000
- ஒருங்கிணைப்பாளர் பயணம்: 2,000 × 12 = 24,000
- பயிற்சி: 9 பேர் × 14 நாள் × 300 (சாப்பாடு, பேருந்து) = 37,800
- கற்றல் பொருள், நோட்டு: 120 பேர் × 600 = 72,000
- வாசிப்புப் புத்தகங்கள்: 4 மையம் × 8,000 = 32,000
- சுண்டல்: 120 பேர் × 8 ரூபாய் × 200 நாள் = 1,92,000
- மின்கட்டணம், விளக்கு, பாய்: 4 × 700 × 12 = 33,600
- மூன்று சுற்றுச் சோதனை: 3 × 4,000 = 12,000
- கணக்கு, தணிக்கை: 30,000

மொத்தம் 9,29,400. சுண்டலையும் மின்கட்டணத்தையும் உள்ளூர் நன்கொடையாளர்கள் இப்போதே பார்த்துக்கொள்கிறார்கள், அது தொடரட்டும். அந்த 2,25,600 போக, கேட்கவேண்டியது 7,03,800. குழந்தைக்கு ஆண்டுக்கு 5,865 ரூபாய். இந்த எண்ணை முதல் பக்கத்தில் போடுங்கள், ஏனென்றால் படிப்பவர் எப்படியும் பேனாவை எடுத்து வகுத்துப் பார்ப்பார்.

ஒரு மையத்தில் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் 30 பேர் கலந்திருக்கிறார்கள். ஒரே ஆசிரியையால் நிலைப்படி குழு பிரிக்கமுடியாது. அதனால்தான் மையத்துக்கு இரண்டு பேர் போட்டிருக்கிறேன். இந்தக் காரணத்தை அந்த வரிக்குக் கீழே எழுதிவிடுங்கள். பெரிய வரி எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு வாக்கியக் காரணம் வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை, 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம்' என்று பயந்து விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இந்தத் தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. சி.எஸ்.ஆர். விதி சொல்லும் அந்த 5 சதவீதம், நிதி கொடுக்கும் நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் நிர்வாகச் செலவுக்கான வரம்பு. திட்டத்தை நேரடியாக நடத்தும், கண்காணிக்கும் ஆளின் சம்பளம் திட்டச் செலவுதான். கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்திலும் இது தெளிவாக இருக்கிறது. சில நிறுவனங்கள் தொண்டு அமைப்புகளுக்கென்று தாமாக ஒரு வரம்பு வைத்திருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒருங்கிணைப்பாளரே இல்லாத பட்ஜெட், கண்காணிக்க ஆளில்லாத திட்டம் என்றுதான் படிக்கப்படும்.

நிதி வந்தபிறகு, இதுவரை ஆசிரியைகளுக்கும் நோட்டுக்கும் நீங்கள் செலவழித்துவந்த 1,34,400 ரூபாய் மிச்சமாகும். அதைப் புது வேலை எதற்கும் திருப்பிவிடாதீர்கள். தவணைப் பணம் சொன்ன தேதிக்கு வருவது அபூர்வம். எட்டு ஆசிரியைகளின் நான்கு மாத ஊதியம் 1,28,000. அந்த மிச்சம் அதற்குக் கைகொடுக்கும். ஊதியம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் ஆசிரியைகள் நின்றுவிடுவார்கள். அதன்பிறகு பணம் வந்தும் பயனில்லை.

எந்தக் கதவை, எப்போது தட்டுவது

12ஏ, 80ஜி இரண்டும் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். போதாது. 2021 ஏப்ரல் முதல், சி.எஸ்.ஆர். பணம் வாங்கும் அறக்கட்டளை சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்து தனிப் பதிவெண் பெற்றிருக்கவேண்டும். உங்களைப் போன்ற அமைப்புகளுக்கு அதே வகை வேலையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. அறங்காவலர் ஒருவரின் டிஜிட்டல் கையொப்பமும், ஆடிட்டரின் சான்றொப்பமும் தேவை. இந்த எண் உங்கள் முன்மொழிவில் இல்லை. பதில் போடாத இரண்டு நிறுவனங்களும் முதல் சல்லடையிலேயே ஒதுக்கியிருக்க இதுவே காரணமாக இருக்கலாம். கூடவே 12ஏ, 80ஜி ஆணைகளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். 2021இல் மறுபதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கு அது 2026 மார்ச் 31 வரைதான். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், எந்தப் பெயரில் புதுப்பிக்கவேண்டும் என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அடுத்து, யாரிடம் கேட்பது. நீங்கள் கேட்ட மூன்றும் நாடறிந்த பெரிய நிறுவனங்கள். கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய கம்பெனி, கடந்த மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட்டாகவேண்டும். 5 கோடி லாபம் என்றால் உங்கள் மாவட்டத்தைச் சுற்றியே நடுத்தரக் கம்பெனிகள் தேறும். செய்யாறு சிப்காட் பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தவிர, ஆண்டு சி.எஸ்.ஆர். கடமை 50 லட்சத்துக்குள் இருக்கும் கம்பெனிக்குத் தனி சி.எஸ்.ஆர். குழு கட்டாயமில்லை. இயக்குநர் குழுவே முடிவெடுக்கும். உங்கள் கடிதம் முடிவெடுப்பவர் கைக்கே போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். சராசரி லாபம் 6 கோடி உள்ள கம்பெனியின் ஆண்டுக் கடமை 12 லட்சம்தான். அதில் 7 லட்சத்தை உங்கள் ஒருவருக்கே தர யோசிப்பார்கள். அங்கே இரண்டு மையத்துக்கு மட்டும் கேளுங்கள். 20 கோடி லாபமுள்ள கம்பெனிக்கு 40 லட்சம், அங்கே முழுத் திட்டத்தையும் வைக்கலாம். கடந்த ஆண்டு எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அவர்களின் ஆண்டறிக்கைப் பின்னிணைப்பில் இருக்கும். கல்விக்கே கொடுக்காத கம்பெனிக்கு எழுதி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

நேரமும் முக்கியம். கம்பெனியின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. உங்கள் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. உங்களுக்குக் கொடுத்துவிட்டாலே அவர்கள் கணக்கில் செலவாகிவிடாது. நீங்கள் உண்மையில் செலவழித்தது மட்டுமே மார்ச் 31 அன்று செலவாகக் கணக்கில் ஏறும், அதற்கு அவர்களின் நிதித் தலைமை அதிகாரி சான்று தரவேண்டும். மார்ச்சில் உங்களிடம் மீதமிருக்கும் பணம் அவர்களுக்குத் தலைவலி. ஆகவே திட்டத்தை 'தொடர் திட்டம்' என்ற வகையில் ஏற்றுக்கொள்வார்களா என்று பேச்சின் தொடக்கத்திலேயே கேளுங்கள். ஏற்றுக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்றாண்டு வரை நீட்டிக்க விதி இடம் தருகிறது. இல்லையென்றால் ஜூன் முதல் மார்ச் வரை ஒரு கட்டம், பிறகு இன்னொன்று என்று பட்ஜெட்டையே பிரித்துக் கொடுங்கள். இதை முன்கூட்டியே எழுப்பும் சிறிய அமைப்புகள் குறைவு. நீங்கள் எழுப்பினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஜூனில் தொடங்கவேண்டும் என்றால் அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் 30 பக்கம் அனுப்பாதீர்கள். மேலே சொன்ன முதல் பத்தியோடு ஒரே பக்கக் குறிப்பு மட்டும் போதும். கூப்பிட்டுக் கேட்டால் ஐந்தாறு பக்கத்தில் முழு முன்மொழிவு: நிலைமை, செய்யப்போவது, மாதவாரி அட்டவணை, அளவிடும் முறை, இடர்கள், பட்ஜெட், அமைப்பு பற்றி ஒரு பக்கம். பதிவுச் சான்று, மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை எல்லாம் பின்னிணைப்பாகப் போகட்டும். தமிழில் எழுதி முடித்துவிட்டு, பழைய மாணவர் ஒருவரிடம் கொடுத்து எளிய ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். எண்கள் சரியாக இருந்தால் அந்த ஆங்கிலம் தாராளமாகப் போதும்.

குழந்தைகள் பாதுகாப்புக்கு ஒரு பக்கக் கொள்கையும் சேருங்கள். மையத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், புதிதாக வேலைக்கு எடுப்பவரின் பின்னணி விசாரணை, புகார் சொல்ல ஒரு பெண் பொறுப்பாளர், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை. உங்கள் ஆறு பக்கப் படங்களில் குழந்தைகளின் முகமும் பெயரும் ஊரும் சேர்ந்தே இருக்கின்றன. பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் இப்படி அனுப்பக் கூடாது. நிதிக்காக ஒரு பிள்ளையின் வறுமையைப் படம்பிடித்துக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. சம்மதம் இருந்தாலும் பெயரை நீக்கிவிடுங்கள்.

முன்பணம் கேட்பவர்

எழுதித் தருவதற்கு ஒரு நியாயமான கூலி பேசி, அதை அறக்கட்டளையின் சொந்தப் பணத்திலிருந்து, ரசீதோடு கொடுப்பதில் தவறில்லை. வரும் நிதியில் 10 சதவீதம் என்பது வேறு கதை. 7,03,800இல் அது 70,380. இதை எந்தத் தலைப்பில் காட்டுவீர்கள்? ஒப்புக்கொண்ட பட்ஜெட்டில் அப்படி ஒரு வரி இல்லை. சுண்டலிலோ நோட்டிலோ ஏற்றி எழுதினால் பொய் வவுச்சர், அதன்மேல் நீங்கள் கையெழுத்திடும் பொய்யான பயன்பாட்டுச் சான்றிதழ். 'நிதியை விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள்', 'வந்த பணத்தில் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பித் தாருங்கள்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அறக்கட்டளைப் பதிவே பறிபோகும், வழக்கில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும். தவிர, உங்கள் பிள்ளைகளைப் பார்த்தேயிராதவர் எழுதும் முன்மொழிவில் நேர்காணலுக்கு நீங்கள் பதில் சொல்லமுடியாது. அவர் வேண்டாம் அம்மா.

சிங்கப்பூர் பணம்

நண்பர் எங்கே வசிக்கிறார் என்பதைவிட அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு நகலும் ஒரு கடிதமும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு பெறலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. உங்கள் மகன் கணக்கில் வாங்கி, அங்கிருந்து அறக்கட்டளைக்கு மாற்றும் யோசனையும் வேண்டாம். அது சட்டத்தைச் சுற்றிப் போவதாகவே பார்க்கப்படும்.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு விண்ணப்பிக்க, கடந்த மூன்று நிதியாண்டுகளில் அறக்கட்டளையின் நோக்கத்துக்கான பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் செலவிட்டிருக்கவேண்டும். உங்களுடையது இப்போது 10.8 லட்சம். மேலே சொன்ன திட்டம் ஓராண்டு நடந்தால், நிர்வாகச் செலவைக் கழித்த பிறகும் மூன்றாண்டுக் கூட்டுத்தொகை 16 லட்சத்தைத் தொடும். அப்போது தகுதி வந்துவிடும். குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு என்று முன் அனுமதி கேட்கும் வழி இன்றே இருக்கிறது. கிடைத்தால் புது டெல்லி நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு, ஆண்டுதோறும் தனி அறிக்கை என்று வேலை நீளும். மூன்று லட்சத்துக்காக இந்த ஆண்டு அதில் இறங்கவேண்டாம் என்பது என் கருத்து. நண்பரிடம் விஷயத்தைச் சொல்லி, பதிவு கிடைக்கும்வரை பொறுத்திருக்கக் கேளுங்கள்.